ட்வீட்டரை எங்கே பூட்டலாம்? துளை போடுவதற்கு முன்

"அண்ணா, பாட்டு முட்டிக்குக் கீழ பாடுதுண்ணா."

காசிமேட்டிலிருந்து வந்த தம்பி சொன்ன குறை இவ்வளவுதான். செகண்ட் ஹேண்டில் ஒரு ஹேட்ச்பேக் எடுத்து, பெரிய ஸ்பீக்கரும், கீச்சுச் சத்தம் பாடும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரும் தனித்தனியாக வரும் ஆறரை இஞ்ச் காம்பொனென்ட் செட் போட்டிருந்தான். ஸ்பீக்கர் நல்லது, நாலு சேனல் ஆம்ப்ளிஃபயரும் நல்லது. ட்வீட்டர் இரண்டை மட்டும் கதவில், கைப்பிடிக்குக் கீழே, கம்பெனி விட்டிருந்த குழியிலேயே வைத்திருந்தார்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். அவன் சொன்னது அப்படியே உண்மை. பாடுகிறவர் என் வலது தொடைக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

"இதைவிடப் பெரிய ஆம்ப் போடணுமாண்ணா?" என்று கேட்டான். ஆம்பில் ஒரு குறையும் இல்லை. ட்வீட்டரின் இடம்தான் தப்பு. கார் ஆடியோவில் ஒரு பைசா செலவில்லாமல் பெரிய வித்தியாசம் காட்டுவது இந்த இடம்தான். ஆனால் பெரும்பாலானோர் பார்வைக்கு எங்கே அழகாக இருக்கிறதோ அங்கே துளை போட்டுவிடுகிறார்கள். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களின் வண்டிக்கு சவுண்ட் செட் பூட்டித் தருவது பல வருஷப் பழக்கம். அந்த அனுபவத்தில், ட்வீட்டர் வைக்கக்கூடிய ஐந்து இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் காது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காது இரண்டு வழியில் கண்டுபிடிக்கிறது. இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் ஒன்று, சத்தத்தின் அளவு வித்தியாசம் இன்னொன்று. கனத்த பாஸ் சத்தத்துக்கு நேரம், கீச்சுச் சத்தத்துக்கு அளவு. சுமார் 1,500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்று தேய்ந்து மற்றது கை ஓங்குகிறது. இங்கிலாந்து இயற்பியலாளர் லார்டு ரேலி 1907-லேயே சொல்லிவைத்த விஷயம் இது. மேலா கீழா என்பதைச் சொல்வது காது மடலின் மடிப்புகள். அதுவும் கீச்சுச் சத்தத்தை வைத்துத்தான். ட்வீட்டர் பாடுவது முழுக்க இந்தக் கீச்சுப் பகுதியைத்தான். அதனால்தான் கதவின் அடியில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரைத் தொடாமல் ட்வீட்டரை மட்டும் மேலே ஏற்றினாலே, பாடுகிறவர் எழுந்து டேஷ்போர்டு உயரத்துக்கு வந்துவிடுகிறார்.

இன்னொரு சிக்கல், நாம் வண்டியின் நடுவில் உட்காருவதில்லை. நம் ஊரில் டிரைவர் வலது பக்கம். இணையத்தில் கிடைக்கும் படங்களும் வீடியோக்களும் பாதிக்கு மேல் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிற நாட்டுக்காரர்கள் போட்டவை. அதை அப்படியே பார்த்துச் செய்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். என் வண்டியில் டேப் பிடித்து அளந்தேன். வலது மிரர் மூலையிலிருந்து என் தலைக்கு 75 செ.மீ., இடது மிரர் மூலையிலிருந்து 118 செ.மீ. வித்தியாசம் 43 செ.மீ. நம்மூர் வெயிலில், 30 டிகிரி சூட்டில், சத்தம் ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 35 செ.மீ. போகிறது. அப்படியென்றால் வலது பக்கச் சத்தம் சுமார் 1.2 மில்லி செகண்ட் முந்தி வருகிறது. வெட்டவெளிக் கணக்கில் அது 4 டெசிபல் அளவு கூடுதலாகவும் கேட்கும். முந்தியும் வருகிறது, பலமாகவும் வருகிறது என்றால் மொத்தப் பாட்டும் வலது கதவோடு ஒட்டிக்கொள்ளும். ட்வீட்டருக்கு இடம் தேடுவது என்பது இந்த இரண்டு வித்தியாசத்தையும் எப்படிக் குறைப்பது என்ற கேள்விதான்.

இதில் நான் முதலில் கையில் எடுப்பது மிரர் மூலையை. சைடு மிரருக்கு உள்பக்கம், கதவுக் கண்ணாடியின் முன் முனையில் முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதுதான். கிளிப்பில் நிற்கிற சின்ன மூடி. ஸ்க்ரூ டிரைவர் நுனியில் துணி சுற்றி நெம்பினால் கையோடு வந்துவிடும். கெட்டுப்போனாலும் மாற்று மூடி கிடைக்கும். உயரம் சரியாக இருக்கிறது. அந்த மூடி கதவிலேயே இருப்பதால் ஒயர் கதவுக்குள்ளேயே கீழே இறங்கி, பெரிய ஸ்பீக்கரோடு சேர்ந்துவிடுகிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்க்குள் இன்னொரு ஒயர் நுழைக்க நகம் பெயரும் அவஸ்தை இல்லை. குறை என்னவென்றால், காதுக்கு மிக அருகில் இருப்பதும் இந்த இடம்தான். மேலே சொன்ன 43 செ.மீ. வித்தியாசம் இங்கே முழுசாக இருக்கிறது.

அந்தக் குறையைச் சரிசெய்வது ட்வீட்டர் பார்க்கும் திசை. நிறையப் பேர் தவறவிடுவதும் இதைத்தான். ட்வீட்டரை நேராகத் தன் முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற வலது ட்வீட்டரை அப்படி வைத்தால் ஏற்கெனவே பலமாக இருப்பது இன்னும் பலமாகும். அதற்குப் பதிலாக இரண்டையும் குறுக்காகத் திருப்ப வேண்டும். வலது ட்வீட்டர் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கட்டும், இடது ட்வீட்டர் டிரைவர் முகத்தைப் பார்க்கட்டும். ட்வீட்டர் நேர் எதிரே உரக்கவும், பக்கவாட்டில் போகப் போகச் சன்னமாகவும் பாடும் பொருள். குமிழ் போன்ற வாய் உள்ள சாதாரண 25 மி.மீ. டோம் ட்வீட்டரில் இது 14,000 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாகத் தெரியும். கீழே வர வர வித்தியாசம் குறையும். அருகில் இருப்பது பக்கவாட்டில் பாடுவதால் கொஞ்சம் அடங்குகிறது. தள்ளி இருப்பது நேராகப் பாடுவதால் கொஞ்சம் எழுகிறது. கீச்சுப் பகுதியில் காது நேரத்தைவிட அளவைத்தானே அதிகம் பார்க்கிறது? அதனால் டைம் அலைன்மென்ட், அதாவது அருகில் உள்ள ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதித்துப் பாடவைக்கும் வசதி, இல்லாத சாதாரண ஸ்டீரியோவிலும் பாட்டு நடுவை நோக்கி நகர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அதே நியாயம். வீட்டுக்காரம்மாவோடு போகிற வண்டிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் கண்டதில்லை.

அடுத்தது ஏ-பில்லர். முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்ந்து மேலே ஏறும் தூண். கார் ஆடியோ போட்டிக்குப் போகிற வண்டிகளில் ஃபைபர் பூசி, துணி ஒட்டி, கண்ணைப் பறிக்கிற மாதிரி செய்திருப்பார்கள். கேட்பதற்கும் அருமைதான். தூணின் அடியில், கண்ணாடி ஓரமாக வைத்தால் மிரர் மூலையைவிடக் கொஞ்சம் தள்ளிப் போகிறது. பாடுகிறவர்கள் எதிரே நிற்பதுபோல் தோன்றும் மேடை அகலமாகவும் ஆழமாகவும் விரிகிறது. காதுக்கு மட்டும் மார்க் போடுவதென்றால் முதல் பரிசு இதற்குத்தான்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தப் பை இந்தத் தூணின் மேல்பகுதியில் தொடங்கி, கூரை ஓரமாகப் பின்பக்கம் வரை மடித்து வைக்கப்பட்டிருக்கும். மோதும்போது இமைப்பதற்குள் தூண் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்த மூடியில் ட்வீட்டரைத் திருகி வைத்திருந்தால் ஒன்று பை சரியாக விரியாது, இல்லை ட்வீட்டர் தெறித்து முகத்தில் அடிக்கும். என்னிடம் வந்த ஒரு வண்டியில், வேறொரு கடையில் பூட்டிய ட்வீட்டரின் திருகு, மூடிக்குப் பின்னால் பையின் உறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓட்டியவருக்கு இரண்டு வருஷமாக அது தெரியாது. கழற்றும்போது கை நடுங்கிவிட்டது. இப்போது சின்ன வண்டிகளிலேயே ஆறு ஏர்பேக் வருகிறது. தூணின் மேலே 'ஏர்பேக்' என்று ஆங்கிலத்தில் பொறித்த சின்ன எழுத்தோ வில்லையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த இடத்தை மறந்துவிடுங்கள். ஒயர் கொண்டுபோவதாக இருந்தால்கூடப் பையின் மேல் குறுக்கே போகக் கூடாது.

முன்பக்கம் இரண்டு ஏர்பேக் மட்டும் உள்ள பழைய வண்டி என்றால் தூணில் வைக்கலாம். அப்போதும் இரண்டு விஷயம். ஒன்று, மறைப்பு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மாலை ஆறு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். துணிக்கடையிலிருந்து இறங்குகிற குடும்பமும், மீன்பாடி வண்டியும், குறுக்கே நுழையும் பைக்கும் அந்தத் தூணுக்குப் பின்னாலிருந்துதான் திடீரென்று முளைக்கும். ஏற்கெனவே அகலமாக இருக்கிற தூணில் பெரிய கிண்ணம் வைத்து இன்னும் அகலமாக்கக் கூடாது. சமமாகப் பதிக்கிற மவுண்ட் போதும். இரண்டாவது, வண்டியோடு வந்த மூடியை வெட்டாதீர்கள். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய தூண் மூடி ஒரு ஜோடி தேடி வாங்கி, அதை வெட்டுங்கள். வண்டியை விற்கும் நாளில் அசல் மூடியைத் திரும்ப மாட்டிவிடலாம்.

டேஷ்போர்டு மூலைக்கு வருவோம். மேலே பார்த்துப் பாடி, கண்ணாடியில் பட்டு முகத்துக்குத் திரும்பும் ஏற்பாடு. சில வண்டிகளில் கம்பெனியே அங்கே குழி விட்டிருக்கும். நல்ல விஷயம், தூரம். என் வண்டியில் வலது 95, இடது 130. வித்தியாசம் 35 செ.மீ.தான், நேரக் கணக்கில் ஒரு மில்லி செகண்டு. மேடை கண்ணாடிக்கு அப்பால் நிற்கிற மாதிரி ஆழம் கிடைக்கும். கெடுதல், அந்தக் கண்ணாடியே. ட்வீட்டரிலிருந்து நேராக வருகிற சத்தமும், கண்ணாடியில் பட்டு 5 செ.மீ. சுற்றி வருகிற சத்தமும் காதில் சேரும்போது 3,500 ஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மறுபடி 10,500-இல் ஒரு பள்ளம். பாடுகிறவரின் உச்சரிப்புத் தெளிவு அந்த முதல் பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கானா கேட்கிறவர்களுக்கு இது உடனே தெரியும். தாளம் அடிக்கிற விரல் நகத்தின் சத்தம் பளிச்சென்று இருக்கும், வார்த்தை மட்டும் மழுங்கிப் போயிருக்கும். ஈக்வலைசரில் அந்தப் பள்ளத்தைத் தூக்கி நிரப்பவும் முடியாது. எவ்வளவு கூட்டினாலும் இரண்டும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே அழியும்.

அதோடு நம் வெயில். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மூடிய பார்க்கிங் உள்ள வீடு எத்தனை? தெருவில்தான் வண்டி நிற்கிறது. மே மாதம் மத்தியானம் கண்ணாடி மூடி நின்ற வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். சின்ன ட்வீட்டர்களில் வரும் நியோடிமியம் காந்தத்தின் சாதாரண ரகத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. டபுள் சைடு டேப் அதற்கு முன்பே இளகி, ட்வீட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் வந்த புது மாடல்களில் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். அது இடது டேஷ்போர்டின் மேல்பக்கம் வெடித்துத் திறக்கும். அந்த மூடியின் கோட்டுக்குள் எதையும் ஒட்டக் கூடாது. மூலையில் கம்பெனி விட்ட குழி இருந்தால் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் டேஷ்போர்டில் புதிதாகத் துளை போட நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. அந்த ஒரு பாகத்தை மாற்ற வண்டியின் பாதியைக் கழற்ற வேண்டும்.

கால் பக்கம், அதாவது கிக் பேனல், கணக்கில் பார்த்தால் மிக அழகான இடம். இரண்டு பக்கத் தூரமும் நெருங்கி வருகிறது, பெரிய ஸ்பீக்கரும் ட்வீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். வெளிநாட்டில் இதற்குப் பெரிய மதிப்பு. நமக்கு ஒத்துவராது. டிரைவர் பக்கம் ஆக்சிலரேட்டர் காலுக்கு ஒட்டி அது நிற்கும், ஷூ இடித்துக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் எத்தனை வண்டிகளின் தரை முழுகியது என்று இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதை சாதாரண மழைக்கே நிரம்பி நிற்கிறது. முதலில் நனைகிற இடத்தில் ட்வீட்டரை வைக்க எனக்கு மனசு வராது.

கடைசியாக, தம்பி வண்டியில் இருந்த இடம், கதவின் நடுப்பகுதி. இதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. பெரிய ஸ்பீக்கரிலிருந்து 15, 20 செ.மீ. தூரத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதுபோல் ஒட்டிப் பாடும். கிராஸ்ஓவர், அதாவது பெரிய ஸ்பீக்கர் விட்டு ட்வீட்டர் பாடத் தொடங்கும் இடம், 3,500 ஹெர்ட்ஸ் என்றால் அந்த இடத்தில் அலையின் நீளம் 10 செ.மீ. மிரர் மூலைக்கும் கதவடி ஸ்பீக்கருக்கும் 55 செ.மீ. இடைவெளி இருந்தால் அது ஐந்தரை அலை. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் சேர்மானம் மாறும். கதவு நடுவில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் உயரம் கிடைக்காது. காலும் கையும் பையும் மறைத்துக்கொண்டே இருக்கும். வெளியே கன்டெய்னர் லாரி உறுமுகிற எண்ணூர் ரோட்டில், மறைந்து கிடக்கிற ட்வீட்டரைக் கேட்க ட்ரெபிளைக் கூட்டிக் கூட்டி, வீடு வந்து சேரும்போது தலை வலிக்கும். புது வண்டி, வாரண்டி இருக்கிறது, ஒரு ஓட்டையும் போட முடியாது என்றால் மட்டும் இது.

ட்வீட்டரும் பெரிய ஸ்பீக்கரும் இப்படி ஒட்டிப் பாடும் விஷயத்தில் ஸ்டீரியோவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும், செட்டோடு வந்த பாசிவ் கிராஸ்ஓவர் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், டைம் அலைன்மென்ட் இருந்தாலும் அது ஒரு பக்கத்து ட்வீட்டரையும் பெரிய ஸ்பீக்கரையும் சேர்த்தேதான் தாமதிக்கும். தனித்தனியாக நகர்த்த முடியாது. அப்படிப்பட்டவர்கள் காதிலிருந்து ட்வீட்டருக்கும் அதே பக்கத்துப் பெரிய ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் எவ்வளவு நெருங்குமோ அவ்வளவு நெருங்கும் இடமாகப் பார்க்க வேண்டும். டிஎஸ்பி என்ற டிஜிட்டல் சவுண்ட் பெட்டி வைத்து நாலு ஸ்பீக்கரையும் நாலு சேனலில் தனியாக ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. ஏர்பேக் இல்லாத தூணோ டேஷ்போர்டு குழியோ எதுவானாலும் அவர்கள் சமாளித்துக்கொள்ளலாம்.

எந்த முடிவானாலும் முதலில் பேப்பர் டேப். குழந்தைகள் விளையாடும் க்ளே ஒரு உருண்டை வாங்கி, ட்வீட்டரின் முதுகில் அப்பி, மிரர் மூலையில் ஒட்டிப் பார்க்கலாம். க்ளே இருப்பதால் கோணத்தை விரலாலேயே திருப்பலாம். ஒயரைத் தற்காலிகமாகச் சீட்டு வழியாக இழுத்துக்கொள்ளுங்கள். கிராஸ்ஓவர் இல்லாமல் மட்டும் ட்வீட்டரை ஆம்பில் கொடுத்துவிடாதீர்கள், ஒரு பாட்டுக்குள் கருகிவிடும். அப்புறம் ஒரே ஒரு குரல் மட்டும் நடுவில் பாடும் பாட்டைப் போட்டு, கண்ணை மூடி, குரல் எங்கே நிற்கிறது என்று விரலை நீட்டுங்கள். கண்ணைத் திறந்தால் விரல் டேஷ்போர்டின் நடுவைக் காட்ட வேண்டும். 'ச', 'ஸ' வரும் வார்த்தைகளில் குரல் வலது பக்கம் தாவினால் வலது ட்வீட்டரை இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்புங்கள். அடுத்து ஒரு பக்க ட்வீட்டருக்கு மட்டும் ப்ளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். எந்த விதத்தில் குரல் கெட்டியாக இருக்கிறதோ அதை வைத்து, அடுத்த பக்கத்துக்கும் அதேபோலச் செய்யுங்கள். இடைவெளி ஐந்தரை அலை என்றேனே, அந்தச் சேர்மானம் சரியாவது பல வண்டிகளில் இந்த மாற்றத்தில்தான். கடைசியாக ஒரு வாரம் அப்படியே டேப்போடு ஓட்டுங்கள். ஏ.சி. மூன்றில் வைத்து, ஜன்னல் இறக்கி, ராத்திரியில், ட்ராஃபிக்கில். அசிங்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

தம்பி வண்டிக்குத் தூணில் வைக்கத்தான் அவனுக்கு ஆசை. மூடியைத் தடவிப் பார்த்தோம், 'ஏர்பேக்' என்ற எழுத்து இருந்தது. மிரர் மூலைக்கு வந்தோம். குறுக்குத் திசையில் ஒட்டிப் பாட்டைப் போட்டபோது சத்தம் பளீரென்று காதைக் குத்தியது. அருகில் வந்துவிட்டதல்லவா, கிராஸ்ஓவர் பெட்டியில் ட்வீட்டர் அளவைக் குறைக்கும் சின்ன இணைப்பை, ஜம்பரை, மைனஸ் 3 டெசிபலுக்கு மாற்றினேன். பெரிய ஸ்பீக்கரோடு சமமாக உட்கார்ந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. கண்ணை மூடி விரலை நீட்டினான். ஸ்டீரியோ திரைக்கு ஒரு சாண் மேலே, நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் காட்டியது. டைம் அலைன்மென்ட் இல்லாத வண்டியில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

"இன்னாண்ணா, ஆளு எதிர்ல நின்னுகினு பாடுற மாதிரி கீது."

ஒரு வாரம் கழித்து வந்தான். கோணம் மாறவில்லை என்று பென்சில் கோட்டைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, மூடியைக் கழற்றித் துளை போட்டேன். அவன் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு. அங்கே வெறும் முறுக்கி டேப் சுற்றிய ஒயர் ஒரே வருஷத்தில் பச்சை பூத்துவிடும். இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். கதவில் காலியான பழைய குழியின் கிரில்லை அப்படியே விட்டிருக்கிறோம்.